உப்புக் காற்றும் திறக்கும் பெட்டியும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் பாத்திகளையும், வரப்புகளின்மேல் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்த உப்பையும் கண்டு, வண்டியைச் சற்றே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அந்தப் படத்தில் அகப்படாத வஸ்து ஒன்று இவ்வூரில் உண்டு. அது இங்குள்ள காற்று. கதவின் கீல், சைக்கிளின் ஆரக்கம்பி, மின்விசிறியின் மூடி, தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்சில் உள்ள பித்தளை முனை ஆகிய எதையும் அது விட்டுவைப்பதில்லை. என் தந்தையார் உயிரோடிருந்த காலத்தில், ஒவ்வொரு தை மாதமும், மழை ஓய்ந்து பாத்தி திருத்தும் வேலை தொடங்குகிற சமயத்தில், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மோட்டார் பலகையைக் கழற்றித் திண்ணையில் வைத்துக்கொண்டு, முனைகளில் படர்ந்திருக்கும் பச்சைக் களிம்பை உப்புத்தாளால் நிதானமாகத் தேய்த்து எடுப்பார். அவ்விதம் அவர் வருஷந்தோறும் தேய்த்த பலகை முப்பது ஆண்டுகள் உழைத்தது.

கட்டற்ற மென்பொருளையும் திறந்த வன்பொருளையும் கொண்டு வீட்டுக்கு வேண்டிய சில யந்திரங்களை நானே செய்துகொண்ட விருத்தாந்தத்தை எழுத உட்கார்ந்தவன், அந்தப் பழைய மரப்பலகையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு, திறமூலத்தின் பெருமையைப் புத்தகங்களும் சொற்பொழிவுகளும் சொல்லியிருந்தாலும், அது ஏன் வேண்டும் என்பதை ஐயத்துக்கிடமின்றி உணர்த்தியது இந்த உப்புக் காற்றுதான்.

முதலில் நான் செய்தது, எல்லாரையும் போல, கடையில் விற்கும் பொருளை வாங்கியது. எந்த நிறுவனத்தின் ஸ்விட்ச் என்பது இங்கே முக்கியமன்று. சுவரில் பொருத்தி, கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டால், படுத்த இடத்திலிருந்தே விளக்கை ஏற்றலாம், மோட்டாரை நிறுத்தலாம் என்று சொன்னார்கள். அவ்வாறே ஒன்றரை வருஷம் அது நடந்தது. பின்பு ஒரு நாள், அந்த நிறுவனம் தன் சேவையை நிறுத்திக்கொண்டது என்ற அறிவிப்புடன், ஸ்விட்சின் நெற்றியில் இருந்த நீல ஒளி மட்டும் மின்னிக்கொண்டிருக்க, நாங்கள் இட்ட கட்டளைகளுக்கு அது செவிசாய்க்காமல் போயிற்று. நாங்கள் கைப்பேசியில் விரல் வைத்தால் அந்தச் செய்தி கடல் கடந்து ஏதோ ஒரு தேசத்துக் கணினிக்குப் போய், அங்கிருந்து உத்தரவு பெற்றுத் திரும்பி வந்துதான் விளக்கு எரிந்திருக்கிறது என்பதை அன்று என் தாயாருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “நம்ம சுவத்துல இருக்கிற சுவிச்சு எதுக்குப்பா வெளிதேசம் போய்க் கேட்டுட்டு வரணும்?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஒரு வீட்டு யந்திரத்தை, ஆயுட்காலம் முழுவதும் சேவை உண்டு என்ற வாக்குறுதியுடன் 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள், அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிய நெஸ்ட் 2016-ஆம் ஆண்டு மே மாதம் அச்சேவையை நிறுத்தியபோது, இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

சுவாதீனம், பராதீனம் என்று நம் பெரியவர்கள் இரண்டு சொற்களை வழங்கி வந்தார்கள். ஒரு பொருள் என் வீட்டில் இருப்பதும், என் பணத்தில் வாங்கப்பட்டதும் அதை என் சுவாதீனத்துக்குக் கொண்டுவந்துவிடா. அது எப்படி இயங்குகிறது என்பதை நான் அறியவும், கெட்டால் திறந்து திருத்தவும், அறிந்ததை அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கவும் எனக்கு உரிமை இருந்தால்தான் அது என்னுடையதாகும். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தபோது மென்பொருளைக் குறித்துச் சொன்ன தத்துவம் இதுவே. அதே தத்துவத்தைக் கையால் தொட்டறியக்கூடிய மின்சுற்றுப் பலகைக்கும் கொண்டுவந்தவர்கள், 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில், மாணவர்களுக்கு மலிவான ஒரு பயிற்சிக் கருவி வேண்டுமென்று கருதிய மஸ்ஸிமோ பன்ஸி முதலிய ஆசிரியர்கள். அங்குள்ள ஓர் அருந்தகத்தின் பெயரைத் தாங்கிப் பிறந்த ஆர்டுவினோ, தன் வரைபடத்தை எவரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று உலகத்துக்கு வழங்கிவிட்டது. பின்னர் 2014-இல் ஷாங்காயிலுள்ள எஸ்பிரஸிஃப் என்ற நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லு, சில நூறு ரூபாய்க்குள் வைஃபை வசதியுடன் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் அதைப் பற்றிய குறிப்புகள் சீன மொழியில் மாத்திரமே இருந்தன. ஒருவரையொருவர் நேரில் கண்டறியாத பல தேசத்தார் அவற்றை மொழிபெயர்த்து, சோதித்து, கண்டதையெல்லாம் பொதுவில் வைத்தார்கள். பிறமொழிச் சாஸ்திரங்களைத் தமிழில் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமென்ற ஆசையோடு வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

எங்கள் வீட்டின் முதல் தேவை தண்ணீர். கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையில் அமைந்த இந்த ஊரில், நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்த்துவிடுவதால், குழாயில் வரும் நல்ல தண்ணீரைத் தரைத் தொட்டியில் பிடித்து, அங்கிருந்து மோட்டாரால் மாடியிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வது வழக்கம். தரைத் தொட்டி காலியான பிறகும் மோட்டார் ஓடினால் சுருள் வெந்துபோகும். மேல் தொட்டி நிறைந்த பிறகும் ஓடினால் அருமையான நல்ல தண்ணீர் மாடியிலிருந்து வழிந்து தெருவில் ஓடும். அறுபத்தெட்டு வயதில் என் தாயார், தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிப்படி ஏறி இறங்குவதைக் காணச் சகியாமல்தான் நான் அந்தச் சில்லைக் கொண்டு இந்தக் காரியத்தில் இறங்கினேன்.

தொட்டியின் மூடியில் பொருத்திய ஒரு சிறு கருவி, நம் செவிக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நீரின்மேல் செலுத்தி, எதிரொலி திரும்பி வருவதற்கு ஆகும் காலத்தை அளக்கிறது. காலம் தெரிந்தால் தூரம் தெரியும், தூரம் தெரிந்தால் நீர்மட்டம் தெரியும். வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் கற்பித்த பாடந்தான் இது. என்றாலும் வகுப்பறையில் நான் சொல்லத் தவறிய ஒன்றை எங்கள் மாடி எனக்குச் சொல்லிற்று. விடியற்காலையில் சரியாக இருந்த அளவு நண்பகலில் பொய்யாயிற்று. ஒருவரும் தண்ணீர் ஏற்றாதபோதும் மட்டம் நான்கு சென்டிமீட்டர் உயர்ந்ததாகக் கருவி காட்டியது. இரண்டு நாள் குழம்பிய பிறகு காரணம் புலனாயிற்று. ஒலி 20 பாகை வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர் செல்லும்; ஒவ்வொரு பாகைக்கும் அதன் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் அடைபட்ட காற்று 45 பாகையைத் தாண்டும்போது எதிரொலி விரைந்து வந்துவிடுவதால், நீர் அருகில் இருப்பதாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. ஒரு வெப்பமானியையும் சேர்த்து, கணக்கைத் திருத்தும் நான்கு வரிகளை எழுதியவுடன் அளவு நேராயிற்று. அந்த நான்கு வரிகளை எழுத முடிந்தது, கருவியை இயக்கும் மென்பொருளின் உள்ளம் எனக்குத் திறந்திருந்த காரணத்தால்தான். கடையில் வாங்கிய பெட்டியாக இருந்தால், நண்பகல்தோறும் பொய் சொல்லும் கருவி என்று அதை மூலையில் போட்டிருப்பேன்.

மோட்டாரைத் தானாக இயக்குவதில் நான் செய்த பிழையை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைப் படித்துவிட்டு யாராவது அவ்வாறே செய்யக்கூடும். சில்லின் கட்டளைக்கு ஸ்விட்சைப்போல் திறந்து மூடும், சந்தையில் கிடைக்கும் சிறிய நீல நிற ரிலேயின்மேல் பத்து ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு அது தாராளம் என்று கருதினேன். மோட்டார் ஓடும்போது அது உண்மை. தொடங்கும் கணத்தில் மோட்டார் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். மூன்றாவது வாரத்தில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. நிறுத்து என்ற கட்டளை போன பிறகும் மோட்டார் ஓடிற்று. பங்குனி மாதத்து நல்ல தண்ணீர் ஒரு தொட்டி முழுவதும் தெருவில் போயிற்று. எங்கள் தெருவில் ஐம்பது வருஷமாக ஒயரிங் வேலை பார்த்துவரும் ஒரு பெரியவர் வந்து பார்த்து, “சின்னப் பொட்டி நேரா மோட்டாரை இழுக்கக் கூடாது தம்பி, கான்டாக்டரை இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கும்” என்றார். அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ஸ்விட்சாகிய கான்டாக்டரை இடையில் வைத்து அவ்வாறே செய்தோம். ரிலே ஒட்டிக்கொண்டாலும் மோட்டார் நிற்கும்படி, மேல் தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்சையும், கையால் நிறுத்தும் பழைய ஸ்டார்ட்டரையும் அவர் வைத்துக்கொடுத்தார். 230 வோல்ட் ஓடும் பகுதியில் கைவைக்குமுன், தொழில் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாரைக் கண்டாலும் வற்புறுத்துகிறேன். இந்தக் கலையில் எல்லாப் பிழைகளும் திருத்தத்தக்கவை, இந்த ஒன்றைத் தவிர.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பிரயாசையோடு செய்த கருவி, முதல் ஐப்பசி மழை தொடங்கிய பத்தாம் நாள் மௌனமாயிற்று. பெட்டியைத் திறந்தபோது, வட்ட வட்டமாகப் பரவும் பாசியைப் போலப் பச்சைக் களிம்பு பலகையின் ஓரங்களில் படர்ந்திருந்தது. ஒலி செலுத்தும் கருவியின் வலைமுகம் துருவாய் உதிர்ந்தது. என் தந்தையார் தை மாதந்தோறும் தேய்த்த அதே பச்சை.

இதற்குரிய காரணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மேகமூட்டமான நாளில், மழை விழாமலே குவியலின் மேல்புறம் ஈரங்கோத்துக் கரிய நிறம் கொள்ளும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டியவுடன், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை ஈர்த்துத் தானாகவே கரையத் தொடங்குகிறது. கடற்கரையில் அந்த எல்லையைத் தாண்டாத இரவு அபூர்வம். அலைத்துளியிலிருந்து பிறந்து காற்றில் மிதந்து வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள், மின்சுற்றுப் பலகையின்மேல் பகலில் தூசாக உட்கார்ந்திருக்கும். இரவில் அது ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் பாயத்தக்க ஒரு மெல்லிய நீர்ப்படலமாக மாறும். மூன்று வோல்ட்டே ஆனாலும், இடைவிடாமல் ஒரே திசையில் செல்லும் மின்சாரம் அந்தப் படலத்தின் வழியாகச் செம்பை ஒரு முனையிலிருந்து அரித்து அடுத்த முனைக்குக் கொண்டுபோகும். முலாம் பூசும் தொழிற்சாலையில் விரும்பிச் செய்யும் காரியத்தை எங்கள் மாடியில் இயற்கை விரும்பாமல் செய்கிறது.

முதலில் எனக்குத் தோன்றிய பரிகாரம், பெட்டியைச் சிலிக்கோன் பசையால் இம்மியும் காற்றுப் புகாதபடி அடைத்துவிடுவது. அதன் பலன் இன்னும் மோசமாக இருந்தது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து எப்படியோ ஓர் இடுக்கைக் கண்டு வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதே இடுக்கின் வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. இழுத்த நீர் வெளியேற வழியின்றி, ஒரு மாதத்தில் பெட்டியின் அடியில் கால் விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பெட்டியும் மூச்சு விடுகிறது என்பதை அன்று அறிந்தேன். அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட முறை வேறு. பெட்டியின் அடிப்பக்கத்தில் இரண்டு சிறு துளைகளிட்டு, எறும்பும் பல்லியும் நுழையாதபடி மெல்லிய வலை கட்டினேன். கம்பிகள் யாவும் கீழிருந்தே உள்ளே ஏறும்படியும், ஏறுமுன் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கும்படியும் வைத்தேன், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பற்றவைத்து முடித்த பலகையைச் சுத்தமான சாராயத்தால் கழுவி உலர்த்தி, அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசினேன். வெறும் செம்புக் கம்பிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய கம்பியும், ஒலி செலுத்தும் கருவியில் நீர்புகாத வகையும் உபயோகித்தேன். அந்த வகைக்கு ஒரு குணம் உண்டு: முகத்தெதிரே இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே மூடியின்மேல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைக் கழுத்துப்போல் நிறுத்தி, அதன் உச்சியில் கருவியை ஏற்றிவைத்தேன்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி கெடத்தான் கெடுகிறது. இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் இணைப்பு பச்சை பூக்கிறது. அதைக் குறித்து எனக்கு வருத்தமில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே இருப்பது முழுவதும் எனக்குத் தெரிந்தது. எந்தத் துண்டு கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். சில்லே போனாலும் முந்நூறு ரூபாய்க்குள் வேறொன்று கிடைக்கும், அதில் ஏற்ற வேண்டிய மென்பொருள் என் மேசையில் எழுத்து வடிவில் இருக்கிறது. கடையில் வாங்கும் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பல பெட்டிகளில் திருகாணியே இல்லை, ஓடுகள் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன, உள்ளே கறுப்புப் பிசினை ஊற்றிச் சில்லை மறைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ அப்படிப்பட்ட பெட்டி பத்து வருஷம் உழைக்கலாம், அங்கே அதன் குறை வெளிப்படாது. உப்புக் காற்று வீசும் ஊரிலோ, திறக்க முடியாத பெட்டி என்பது இரண்டாம் வருஷத்தில் குப்பையாகப் போகிற பெட்டி.

வீட்டிலுள்ள கருவிகள் ஒன்றோடொன்று சம்பாஷிக்க ஒரு மொழி வேண்டும். எம்.கியூ.டி.டி. என்னும் அந்த மொழி, பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999-ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவரால் வகுக்கப்பட்டது. சொற்செட்டும் சிக்கனமும் நிறைந்தது. தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்துக்கென்றே பிறந்தது. மரக்காணத்துக்கு அதைவிடப் பொருத்தமான மொழி கிடையாது. கருவிகள் சொல்வதையெல்லாம் கேட்டுத் தொகுத்து முடிவெடுக்கும் காரியஸ்தனாக ஹோம் அசிஸ்டென்ட் என்னும் மென்பொருள், பள்ளியில் கழித்துப்போட்ட ஒரு பழைய மடிக்கணினியில் இருந்து பணிபுரிகிறது. பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013-இல் தம் வீட்டு விளக்குகளுக்காகத் தொடங்கிய அந்த மென்பொருள், பலருடைய உழைப்பால் வளர்ந்து, 2024-இல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கமற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் வைக்கப்பட்டது. இவற்றுள் எதற்கும் வெளி இணையம் தேவையில்லை. என் தாயார் கேட்ட கேள்விக்கு இப்படியாக விடை கிடைத்தது: எங்கள் சுவரிலுள்ள ஸ்விட்ச் இப்போது எங்கள் கூடத்திலுள்ள அலமாரி வரைக்குமே போய்க் கேட்டு வருகிறது.

கைப்பேசியைப் பார்த்து நீர்மட்டம் அறிவது என் தாயாருக்குப் பழக்கப்படவில்லை. பழக்கப்படுத்துவதும் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. நினைவட்டையில் பதிந்த ஒலியை இசைக்கும் சிறு பலகை ஒன்று நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் என் மகளின் குரலைப் பதிந்து வைத்தேன். “ஆயா, தொட்டி ரொம்பிடுச்சு” என்று பேத்தியின் குரல் அடுக்களையில் கேட்டபோது அவர் முகத்தில் கண்ட சந்தோஷம், நான் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கும் போதுமான சம்மானமாக இருந்தது.

இந்தக் கரையில் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. எங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த கிராமங்களில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு முதல் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் இருந்த மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் படித்து, கடலுக்குப் போகும் மீனவர்களுக்குச் சொல்லிவந்தார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஆழிப்பேரலையைக் குறித்துச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, அவ்வூரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியால் கூவி ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள்; வீடுகள் போயின, உயிர்கள் தப்பின. ஒலிபெருக்கி அவர்கள் ஊரில், அவர்கள் கையில் இருந்தது. அதை இயக்குவதற்கு அவர்கள் வேறு யாரிடத்திலும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கருவியைக் குறித்து எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் அந்தக் காலைப்பொழுதை நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக் கருவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, உப்பளத்தில் பாத்தி எடுத்து நடத்தும் ஓர் அண்ணன் ஒரு நாள் வந்தார். “தம்பி, டிகிரி பாக்குற வேலைய இந்தப் பொட்டி செய்யுமா?” என்பது அவர் கேள்வி. கடல்நீரின் செறிவு போமே அளவில் ஏறக்குறைய மூன்று டிகிரி. பாத்திக்குப் பாத்தி நகர்ந்து வெயிலில் வற்றி 25 டிகிரியை அடையும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துபோகும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் அவர்களுடைய வருஷத்து ஜீவனம் நடக்கிறது. நான் உற்சாகத்தோடு, நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொண்டுபோனேன். மலிவாகக் கிடைக்கும் அவ்வகைக் கருவி குடிநீருக்காகச் செய்யப்பட்டது. பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு வரையில்தான் அதற்கு அளக்கத் தெரியும். கடல்நீரிலேயே முப்பத்தையாயிரம் பங்கு உப்பு இருக்கிறது. பாத்தி நீரில் வைத்த கணமே முள் கடைசி எல்லைக்குப் போய் நின்றுவிட்டது. அண்ணனோ குனிந்து நீரின் நிறத்தைப் பார்த்து, காலால் அடியிலிருக்கும் படிகத்தைத் தடவிப் பார்த்து, “இருவத்தி மூணு இருக்கும்” என்றார். மிதவைமானியை இட்டுப் பார்த்தால் 23 தான். மனிதர் தலைமுறைகளாகக் காலில் சேர்த்துவைத்த ஞானத்துக்கு முன்னால் என் கையிலிருந்த கருவி எடுபடவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

அவருக்கு மெய்யாகவே தேவைப்பட்டது வேறொன்று என்பது, வரப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் வெளிப்பட்டது. பாத்திக்கு நீர் இறைக்கும் மோட்டார் இரவில் மின்சாரம் போய் வரும்போது நின்றுவிடுகிறது. அது ஓடுகிறதா என்று பார்க்க அவர் நடுநிசியில் இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் வர வேண்டியிருக்கிறது. இதற்கு வழி இருந்தது. மோட்டாருக்குப் போகும் கம்பியை வெட்டாமல், அதன்மேல் வளையமாகக் கவ்வி மின்னோட்டத்தை உணரும் கருவி ஒன்று உண்டு. செய்தியை அனுப்புவதற்கு லோரா என்னும் வானொலி முறை உண்டு. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை உரிமமின்றி உபயோகிக்கலாம். மரமும் கட்டடமும் இல்லாத சமவெளியான உப்பளத்தைப் போல வானொலிக்கு உகந்த நிலம் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒரு மூங்கிலின் உச்சியில் கட்டிய சாண் நீள ஆண்டெனா, அவர் வீட்டுத் தாழ்வாரம் வரைக்கும் தங்குதடையின்றிப் பேசிற்று. மோட்டார் நின்றால் தாழ்வாரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான் கருவி. அந்த வருஷம் அவர் இரவில் உறங்கினார் என்று அவர் மனைவியார் என்னிடம் சொன்னார்.

இவற்றையெல்லாம் ஆங்கிலம் நன்கறிந்தவர்தாம் கற்க முடியும் என்ற எண்ணம் நம் மாவட்டத்தில் இப்போது மெல்ல அகன்றுவருகிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று பத்தாண்டுக்கும் மேலாக, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணினிக் கல்வி அளித்துவருகிறது. கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல், கட்டற்ற மென்பொருளைப் பற்றி எளிய தமிழில் எழுதி, எவரும் எடுத்துப் பகிர்ந்துகொள்ளும்படி வழங்குகிறது. என் மாணவர்களில் சிலர் அவற்றைப் படித்துவிட்டு வந்து என்னைக் கேட்கும் கேள்விகள், நான் இரவில் புத்தகத்தைத் திரும்பப் புரட்ட வேண்டிய நிலையில் என்னை வைத்துவிடுகின்றன.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு கருவியும் உண்டு. சாதாரண நாட்களில் அதன் கோடு, காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஏறி, நான்கு மணிகளில் இறங்கி, கடலின் ஏற்றவற்றத்தைப் போல நாளுக்கு இரு முறை அலையும். வெப்ப மண்டலத்து வளிமண்டலத்தின் இந்த நிதானமான சுவாசத்தை என் மாணவர்கள் அந்தக் கோட்டில்தான் முதன்முதலாகக் கண்டார்கள். அன்று மாலை நான்கு மணிக்குப் பின் எழ வேண்டிய கோடு எழவில்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிக்கொண்டிருந்தது. மின்சாரம் போயிற்று, சற்று நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் மௌனமாயிற்று, உலகத்தோடு எங்களுக்கிருந்த தொடர்பு யாவும் அறுந்தது. ஆயினும் அலமாரியிலிருந்த பழைய மடிக்கணினி தன் மின்கலத்தைக் கொண்டு மூன்று மணி நேரம் விழித்திருந்தது. அதுவரைக்கும் கோடு படிப்படியாக இறங்குவதை நானும் என் தாயாரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு மீண்டும் நிமிரும் வரைக்கும் யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று அவர் பேத்தியிடம் சொன்னார். கரையேறிய புயல் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. எங்கள் உப்பளங்கள் ஏரியைப்போல் நீருக்குள் கிடந்தன. வரப்புகளும், குவித்து ஓலை போர்த்தி வைத்திருந்த உப்பும் கரைந்து போன குடும்பங்களின் நஷ்டத்தை எந்தக் கருவியும் தடுத்திருக்க முடியாது. அதை நான் மறக்கவில்லை.

தை பிறந்து, நீர் வடிந்து, பாத்திகளை மிதித்துச் செப்பனிடும் வேலை தொடங்கிய பிறகு, அந்த அண்ணன் மோட்டார்ப் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாள் நீரில் மூழ்கிக் கிடந்த பெட்டி. என் தந்தையார் உட்காரும் அதே திண்ணையில் நானும் இரண்டு மாணவர்களும் அதைத் திறந்தோம். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, சாராயத்தில் நனைத்த பல்துலக்கியால் பச்சையை எடுத்து, வெயிலில் ஒரு நாள் உலர்த்தினோம். வானொலிச் சில்லு போயிருந்தது, மற்றவை பிழைத்தன. புதிய சில்லை ஒரு மாணவன் பற்றவைத்தான். அவன் கை என் கையைவிட நிதானமாக இருந்தது.

பெட்டியை மூடப்போகும்போது அண்ணன் தடுத்தார். “உள்ள என்ன எங்க போவுதுன்னு ஒரு படம் வரைஞ்சு மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் குடுத்துடு தம்பி. நீ ஊர்ல இல்லாட்டிப் போனாலும் எம் பையன் பாத்துக்குவான்” என்றார்.

மை கரைந்துபோகும் என்பதால் பென்சிலால் வரைந்தேன்; எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பதை அவன் படிக்கும்படி பெரிய தமிழ் எழுத்தில் எழுதினேன்; ஈரம் ஏறாதிருக்கக் காகிதத்தின் இருபுறமும் மெழுகை உருக்கித் தடவி, மூடியின் உள்பக்கத்தில் பதித்துக் கொடுத்தேன்.